தைராய்டு குறைந்தால் ரத்தம் என்ன ஆகும்?

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் அதிகம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பதால் தமிழ்க் குரல்களுக்கும் குறைவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். ரிங் ரோட்டைத் தாண்டினால் சப்தர்ஜங் மருத்துவமனை, அதற்கு எதிரே எய்ம்ஸ். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களின் பேச்சிலும் சரி, அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரி வரிசையிலும் சரி, அடிக்கடி காதில் விழும் வாசகம் இது: "எனக்குத் தைராய்டு இருக்கு, அதான் வெயிட் போடுது."

அப்படிச் சொல்பவர்கள் சிலர் மட்டும் அல்லர். மருத்துவர் ஏ.ஜி. உன்னிகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் சென்னை, தில்லி உட்பட 8 இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. பத்தில் ஒருவருக்கும் சற்று மேல். சென்னையிலிருந்து மாற்றலாகித் தில்லிக்கு வந்தாலும், தில்லியிலிருந்து சென்னைக்குத் திரும்பினாலும் இது நம் கூடவே இருக்கும் நோய்.

இந்தப் பத்தில் ஒருவர் தன் நோயைத் தேடும் இடம் எடைக் கருவி. ஆனால் தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான்; அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும். அதைவிட ஆழமான மாற்றம் ரத்தத்தில் நடக்கிறது. ரத்தம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது, வெட்டுப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்ற நான்கையும் தைராய்டு ஹார்மோன் தொடுகிறது. இது தெரிந்திருந்தால் கையில் இருக்கும் பரிசோதனை அறிக்கையை நாம் வேறு விதமாகப் படிப்போம்.

ஒரே கையிலிருந்து மூன்று குழாய்கள்

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஊசி ஒரு முறைதான் இறங்கும், குழாய்கள் மாறும். ஊதா மூடி போட்ட குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது; கருவி அணுக்களை எண்ணி, ஹீமோகுளோபினை அளக்கும். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தத்தை உறைய விடுகிறார்கள். பிறகு சுழற்றினால் அடியில் உறைந்த அணுக்கள், நடுவில் ஒரு கூழ்ப் படலம், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரம். டி.எஸ்.எச்., டி-4, கொலஸ்ட்ரால் எல்லாம் அந்தச் சீரத்தில் பார்க்கப்படுகின்றன. வெளிர்நீல மூடிக் குழாயில் சோடியம் சிட்ரேட் இருக்கும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பது அதிலிருந்து.

மூன்று குழாய்களின் முடிவுகளும் தனித்தனித் தாள்களில் வருகின்றன, பல சமயம் தனித்தனி மருத்துவர்களிடம் போகின்றன. தைராய்டுக்கு ஒருவர், ரத்தசோகைக்கு ஒருவர், கொலஸ்ட்ராலுக்கு இன்னொருவர். மூன்றிலும் இருந்தது ஒரே ரத்தம் என்பது இதில் மறந்துபோகிறது. தைராய்டு குறைந்தவரின் அறிக்கையில் டி.எஸ்.எச். உயர்ந்திருக்கும், அதே நாளில் ஊதாக் குழாயில் ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம், மஞ்சள் குழாயில் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கலாம். இவை மூன்று நோய்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரே காரணம் மூன்று இடங்களில் தெரிகிறது.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சோர்ந்தால் கட்டளை பலக்கும். அதனால்தான் குறைபாட்டில் டி.எஸ்.எச். உயர்கிறது. கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பது முக்கியமாக டி-4 என்ற தைராக்சின். அதில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. திசுக்களில் ஒன்று கழற்றப்பட்டு டி-3 ஆகும்போதுதான் அது முழு வீச்சில் வேலை செய்கிறது. 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். டி-3 கண்டறியப்பட்டது 1952-இல்.

ரத்தத்தில் மிதக்கும் டி-4-இல் 99.9 சதவீதத்துக்கும் மேல், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டாமல் தனித்திருக்கும் சொற்பப் பகுதிதான் செல்களுக்குள் புகுந்து, கருவில் அமர்ந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்தச் சொற்பம் குறையும்போது ரத்தத்தின் முதல் மாற்றம் எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது.

சிவப்பணுக்கள் ஏன் குறைகின்றன?

நம் உடல் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் புதிதாகச் செய்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்கும். எத்தனை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது சிறுநீரகம். தன்னிடம் வந்து சேரும் ஆக்சிஜன் போதவில்லை என்று அது உணர்ந்தால் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், மஜ்ஜை வேகமெடுக்கும்.

தைராய்டு குறைந்த உடலில் எல்லா உறுப்புகளும் மெதுவாக எரிகின்றன. ஆக்சிஜன் தேவையே குறைந்துவிடுகிறது. இருக்கும் சிவப்பணுக்கள் போதும் என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது, எரித்ரோபாய்டின் குறைகிறது, மஜ்ஜையின் உற்பத்தி இறங்குகிறது. இந்த ரத்தசோகையில் அணுக்களின் அளவும் நிறமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், எண்ணிக்கை மட்டும் குறைவு.

தைராய்டு ஹார்மோன் மஜ்ஜையை நேரடியாகவும் தூண்டுகிறது. இதற்கு நல்ல சான்று ஓர் அரிய பரம்பரைக் கோளாறு. கேம்பிரிட்ஜில் கிருஷ்ண சட்டர்ஜியின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோனை ஏற்கும் ஆல்ஃபா ஏற்பி பழுதாகப் பிறந்த நோயாளியை முதன்முறையாக விவரித்தது. இத்தகையவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. ஆனாலும் பலரிடம் மிதமான ரத்தசோகை காணப்படுகிறது. ஹார்மோன் ரத்தத்தில் இருந்தும் அதைக் கேட்கும் காது மஜ்ஜைக்கு இல்லை என்பதே காரணம்.

இன்னும் இரண்டு வழிகளிலும் சோகை வரும். தைராய்டு குறைந்த பெண்கள் பலருக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு மிகுந்துவிடும். இரும்புச்சத்து வெளியேறி அணுக்கள் சிறுத்து வெளிறும். அடுத்து, தன் சுரப்பியையே தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் சிலரிடம் இரைப்பையையும் தாக்கும். பி-12 உறிஞ்சப்படாமல் அணுக்கள் பெருத்துப்போகும். ஊதாக் குழாயின் அறிக்கையில் எம்.சி.வி. என்றொரு வரி இருக்கிறதே, அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். இந்த மூன்று வகைகளில் எது என்பதற்கு முதல் துப்பு அங்கேதான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெரும்பாலோருக்கு இரும்பு மாத்திரை தரப்படுகிறது, தரப்பட வேண்டியதுதான். மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், பெண் ஒழுங்காக மாத்திரை சாப்பிடவில்லை என்று பழி போடும் முன் ஒரு தைராய்டு பரிசோதனை செய்துவிடுவது நியாயம். எதிர்த்திசையிலும் ஓர் உறவு உண்டு. தைராய்டு ஹார்மோனைக் கட்டும் நொதியான தைராய்டு பெராக்சிடேஸின் நடுவில் இரும்பு இருக்கிறது. இரும்பு வற்றினால் தைராய்டும் தளரும். ஒன்றின் குறை மற்றதை வளர்க்கிறது.

ஹீமோகுளோபின் எண் உண்மையை முழுவதும் சொல்லாத இடமும் இதில் இருக்கிறது. அந்த எண் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற விகிதம் மட்டுமே. தைராய்டு குறைபாட்டில் சிவப்பணுக்களோடு சேர்ந்து பிளாஸ்மாவின் அளவும் சுருங்குகிறது. இரண்டும் குறைந்தால் விகிதம் அவ்வளவாக மாறாது. ஆகவே உண்மையான இழப்பு அறிக்கையில் தெரிவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தைராய்டு மிகும்போது இதற்கு நேர்மாறு: சிவப்பணுக்கள் கூடுகின்றன, பிளாஸ்மாவும் கூடுகிறது, ஹீமோகுளோபின் எண் இயல்பாகவே நிற்கிறது. உள்ளே ரத்தத்தின் மொத்த அளவு மாறியிருப்பதை அந்த எண் சொல்வதில்லை.

கெட்டியாவது எது, நீர்ப்பது எது?

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்கிறோம். உடல் வெப்பத்தில் பிளாஸ்மாவின் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு ரத்தத்தினுடையது நான்கைந்து மடங்கு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சிவப்பணுக்கள். ரத்தத்தின் கன அளவில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் அவைதான். அவை கூடினால் பாகுநிலை நேர்கோட்டில் ஏறாது, சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும்.

ரத்தத்தின் இன்னொரு குணம், வேகமாக ஓடும்போது இளகுவது, மெதுவாக ஓடும்போது இறுகுவது. வேகமான ஓட்டத்தில் சிவப்பணுக்கள் நீண்டு, ஓட்டத்தின் திசையில் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. மெதுவான ஓட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, காசுகளை அடுக்கி வைத்தது போல ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்ட வைப்பது முக்கியமாகப் பிளாஸ்மாவிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற நீண்ட புரதம். கல்லீரல் அதைச் செய்கிறது. ஒரு லிட்டரில் 2 முதல் 4 கிராம் வரை இருப்பது இயல்பு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய பரிசோதனை இன்றும் நடக்கிறது: ஈ.எஸ்.ஆர். செங்குத்தாக நிற்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறையாமல் செய்த ரத்தத்தை 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுவார்கள். சிவப்பணுக்கள் மெல்ல இறங்க, மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா தெளியத் தொடங்கும். தனித்தனி அணுக்கள் மெதுவாக இறங்கும். அடுக்குகளாகச் சேர்ந்தவை கனம் தாங்காமல் விரைவாக இறங்கும். ஒரு மணி முடிந்ததும் தெளிந்த பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று படித்தால் அதுதான் எண். போலந்தின் எட்மண்ட் பியெர்னாட்ஸ்கி 1897-இலேயே இதைக் கவனித்தார். சுவீடனின் ராபின் ஃபாரியஸும் ஆல்ஃப் வெஸ்டர்கிரனும் 1921 வாக்கில் இதை மருத்துவமனைப் பரிசோதனையாக்கினார்கள்.

தைராய்டு நோயில் இந்த எளிய குழாய் ஒரு தெளிவான உதவி செய்கிறது. வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்தில் கடும் வலியோடு வரும் தைராய்டு அழற்சியில் ஈ.எஸ்.ஆர். மிக உயர்ந்து நிற்கும். வலியில்லாத அழற்சியில் பெரும்பாலும் அப்படி உயராது.

தைராய்டு குறைந்தால் ரத்தம் கெட்டியாகுமா என்று கேட்டால் விடை இரண்டு பகுதியாக வரும். சிவப்பணுக்கள் குறைவதால் முழு ரத்தம் நீர்க்கிறது. அதே சமயம் பிளாஸ்மா கெட்டியாகும் பக்கம் சாய்கிறது. குறைபாடு உள்ளவர்களிடம் பிளாஸ்மாவின் பாகுநிலை உயர்ந்திருப்பதைச் சில ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைந்துவிடுவதால் எல்.டி.எல். தேங்குகிறது. நுண்ணிய நாளங்களின் சுவர் வழியாக ஆல்புமினும் நீரும் வெளியே கசிந்து திசுக்களில் தங்குகின்றன; முகமும் இமைகளும் உப்பித் தெரிவதில் இதற்கும் பங்குண்டு. உள்ளே எஞ்சும் பிளாஸ்மாவின் அளவு சுருங்குகிறது. ஒரே ரத்தத்தில் ஒரு பகுதி நீர்க்க, இன்னொரு பகுதி இறுகுகிறது. எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதோடு குளிரும் சேர்கிறது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ரத்தத்தின் பாகுநிலை ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். தைராய்டு குறைந்தவரின் உடல் போதிய வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கை கால்களின் தோலுக்கு ரத்தம் போவதும் குறைவு. தில்லியின் ஜனவரிக் காலையில், ரஜாய்க்குள்ளும் விரல்கள் விறைத்திருப்பதாக ஒருவர் சொன்னால், தெற்கிலிருந்து வந்தவர்களுக்குக் குளிர் பழகவில்லை என்று சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கடுமையான குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் உடல் வெப்பம் இறங்கி நினைவிழக்கும் ஆபத்தான நிலை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வருகிறது.

குழாயின் அகலம்

ரத்தத்தின் ஓட்டம் திரவத்தை மட்டும் பொறுத்ததன்று. பிரெஞ்சு மருத்துவர் ழான் பொய்சேய் 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓட்டிப் பார்த்து ஒரு விதியைக் கண்டார். ஓட்டம் பாகுநிலைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். குழாயின் ஆரத்தைப் பொறுத்தவரை அதன் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அந்த நான்காம் அடுக்கில்தான் வித்தை இருக்கிறது. ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் 46 சதவீதம் கூடும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

டி-3 சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசையைத் தளர்த்துகிறது. ஹார்மோன் மிகும்போது நாளங்கள் விரிகின்றன, எதிர்ப்பு பாதியளவுக்குக்கூடக் குறைகிறது, இதயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கிறது. ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தம் இயல்பைவிட 50 சதவீதம் முதல் சிலருக்கு 300 சதவீதம் வரை கூடிவிடும். குறையும்போது எல்லாம் தலைகீழ்: நாளங்கள் இறுகுகின்றன, நாடி மந்தமாகிறது, இதயம் வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது. ரத்த அழுத்தத்தின் கீழ் எண் மட்டும் ஏறி நிற்கும் சிலரிடம் தைராய்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு தூரம் வந்த சிவப்பணு கடைசியில் நுழைவது தந்துகிகளில். சிவப்பணுவின் விட்டம் சுமார் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகளின் விட்டம் அதைவிடச் சிறியது. அணு மடங்கி, நீண்டு, ஒற்றை வரிசையில் ஊர்ந்து கடக்க வேண்டும். ஓட்டம் மந்தமானால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தோம். தைராய்டு குறைந்தவரின் ஓட்டம் மந்தம், நாளம் குறுகல், பிளாஸ்மா இறுக்கம். ஹீமோகுளோபின் குறைந்ததை மட்டும் பார்த்து "ரத்தம் நீர்த்துத்தானே இருக்கு, நல்லா ஓடும்" என்று எண்ணுவது தவறு.

ஆக்சிஜனைக் கொடுக்கும் விதத்திலும் ஹார்மோனின் கை இருக்கிறது. தைராய்டு மிகும்போது சிவப்பணுவுக்குள் டி.பி.ஜி. என்ற பொருள் கூடுகிறது. அது ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி, ஆக்சிஜனைத் திசுக்களிடம் எளிதாக விடவைக்கிறது. வேகமாக எரியும் உடலுக்கு அது வேண்டியிருக்கிறது.

உறைவதில் ஒரு முரண்

பாகுநிலையும் உறைதலும் வேறு வேறு. கெட்டியான ரத்தம் உறைந்தே தீரும் என்றில்லை. நீர்த்த ரத்தம் உறையாது என்றும் இல்லை. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ ரத்தத்தின் பாகுநிலையைக் குறைப்பதில்லை. முதலாவது தட்டணுக்களைத் தடுக்கிறது, இரண்டாவது உறைதல் காரணிகள் சில உருவாவதைத் தடுக்கிறது. "தைராய்டுனால ரத்தம் கெட்டியாயிடும்" என்று பயந்து தானாகவே ஆஸ்பிரின் விழுங்கத் தொடங்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கடுமையான தைராய்டு குறைபாட்டில் ரத்தம் உறையத் தாமதமாவதே வழக்கம்.

வெட்டுப்பட்ட இடத்தில் தட்டணுக்களைச் சுவரோடு ஒட்டவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது பரம்பரையாகக் குறைந்த ஒரு குடும்பத்தைப் பின்லாந்தின் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் விவரித்ததால் அவர் பெயரையே பெற்றது. உறைதலின் எட்டாம் காரணியைச் சுமந்து காப்பதும் இந்த வான் வில்லிபிராண்ட் புரதமே. தைராய்டு ஹார்மோன் நன்றாகக் குறைந்தால் இதன் உற்பத்தியும் குறைகிறது, எட்டாம் காரணியும் இறங்குகிறது. எளிதில் கன்றிப்போகும் தோல், பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், நாட்கணக்கில் நீளும் மாதவிடாய் எல்லாம் இதனால் வரலாம். பரம்பரை நோய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆறுதலானது. தைராக்சின் மாத்திரை சேர்ந்து ஹார்மோன் இயல்புக்கு வந்ததும் இந்தக் குறை மறைந்துவிடும். கருப்பையை எடுத்துவிடலாமா என்று பேச்சு எழும் அளவுக்கு ரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு, அதற்கு முன் ஒரு டி.எஸ்.எச். பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தைராய்டு மிகும்போது வான் வில்லிபிராண்ட் புரதம், எட்டாம் காரணி, ஃபைப்ரினோஜன் எல்லாம் உயர்கின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கும் வேலையும் தடைப்படுகிறது. ரத்தம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் அதே உடலில் கட்டி உறையும் வாய்ப்பும் கூடுகிறது. அத்துடன் இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கினால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய் அடைக்கலாம். லேசான குறைபாட்டில் மட்டும் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. உறைதல் கூடுகிறது என்று சில ஆய்வுகளும், மாற்றமில்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன.

ஏற்கெனவே வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. தைராய்டு மிகும்போது, வார்ஃபரின் தடுக்கும் அந்தக் காரணிகள் விரைவாகச் சிதைவதால் அதே அளவு வார்ஃபரின் அதிகமாக வேலை செய்துவிடும்; குறையும்போது போதாமல் போகும். தைராய்டு மருந்தைத் தொடங்கினாலும் மாற்றினாலும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். இதய மருத்துவருக்கும் தைராய்டு மருத்துவருக்கும் ஒருவர் மருந்து மற்றவருக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒன்று. மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் எச்பிஏ1சி, சிவப்பணுவின் வயதோடு கட்டுண்டது. தைராய்டு குறைந்தால் புதிய அணுக்கள் வருவது குறைந்து, பழைய அணுக்கள் விகிதத்தில் மிகுந்துவிடும். அவற்றில் சர்க்கரை ஒட்டியிருக்கும் காலமும் நீளம். அதனால் சர்க்கரை உண்மையில் இருப்பதைவிட எச்பிஏ1சி சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளும் எச்பிஏ1சி-யும் பொருந்தவில்லையென்றால் தைராய்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

உப்பிலிருந்து தொட்டில் வரை

டி-4-இல் அயோடின் உண்டு என்று பார்த்தோம்; உணவில் அது குறைந்தாலும் தைராய்டு தளரும். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எய்ம்ஸுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. பின்னாளில் அதன் இயக்குநரான வி. ராமலிங்கசுவாமியும் சக ஆய்வாளர்களும் 1956-இல் இன்றைய இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். ஆறாண்டுகளில் அயோடின் உப்பு உண்ட மண்டலங்களில் முன்கழுத்துக் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்பு உண்ட இடத்தில் குறையவில்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1962-இல் இந்தியா தேசியக் கழலை தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

1980-களில் எய்ம்ஸின் என். கொச்சுப்பிள்ளையும் எம்.எம். காட்போலேயும் கழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் தெராய் மாவட்டங்களில், அயோடின் பற்றாத மண்ணில் பிறந்த குழந்தைகளிடம் தைராக்சின் அபாயமான அளவில் குறைந்திருந்தது. கழலை கழுத்தில் தெரியும். மூளை வளர்ச்சியின் பாதிப்பு தெரிய ஆண்டுகள் ஆகும். சில சொட்டு ரத்தம் அதைப் பிறந்த அன்றே காட்டிவிடுகிறது. குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்ப்பது ஒவ்வோர் இந்தியக் குழந்தையின் உரிமையாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் குழந்தையின் அறிவு காப்பாற்றப்படுகிறது.

பொறுமை வேண்டிய மருந்து

தைராக்சின் மாத்திரை மலிவானது, நன்றாக வேலை செய்வது. அதைக் கெடுப்பது நம் பழக்கங்கள். காலையில் எழுந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே டிகிரி காபி குடித்தால், காபி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. தண்ணீரோடு மாத்திரை, பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் சேர்த்து மருந்து எடுக்கும் பெண்கள் இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மருந்து வீணாகிறது.

டி-4-இன் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எனவே மாத்திரையின் அளவை மாற்றியபின் டி.எஸ்.எச். நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் தேவை. பத்தாம் நாளே பரிசோதித்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ரத்தத்துக்கு இன்னும் நேரம் வேண்டும். இன்று மஜ்ஜை விழித்துக்கொண்டாலும், பழைய அணுக்கள் போய்ப் புதியவை நிரம்ப 120 நாள் சுழற்சி ஓட வேண்டும். டி.எஸ்.எச். சரியாகியும் ஹீமோகுளோபின் பின்தங்கியிருந்தால், அது மருந்தின் தோல்வி இல்லை. சில மாதம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டியது. அதன்பிறகும் ஏறாவிட்டால் இரும்பு, பி-12 என்று அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்தால் மாத்திரையை நிறுத்துபவர்களையும், எடை குறையட்டும் என்று மருத்துவரைக் கேட்காமல் இரண்டாகப் போட்டுக்கொள்பவர்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிறுத்துபவர் சோகையையும் கொலஸ்ட்ராலையும் மந்த ஓட்டத்தையும் திரும்ப அழைக்கிறார். கூட்டுபவர் இதயத்தின் தாளத்தையும் உறைதலையும் பணயம் வைக்கிறார். அடுத்த முறை அறிக்கை வரும்போது டி.எஸ்.எச். வரியோடு நின்றுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், எம்.சி.வி., எல்.டி.எல். ஆகியவற்றைச் சென்ற அறிக்கையோடு ஒப்பிடுங்கள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவையுங்கள். எல்லாத் தாள்களையும் ஒரே மருத்துவரிடம் ஒன்றாக நீட்டுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு எடைக் கருவியைவிட நம்பகமான சாட்சிகள் அந்தத் தாள்களில் இருக்கின்றன.